இரு கரையிலும் நடந்த நாள்

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான வருடம், தலைதீபாவளிக்கு முந்தின நாள் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. ஏற்காட்டு மலையில் இறங்கி, சேலத்துக்குள் புகுந்து, தெற்கே ஓடிக் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு. நான் பிறந்தது ஆட்டையாம்பட்டிப் பக்கம், கிழக்குக் கரை. வாழ வந்தது கீழே, மல்லசமுத்திரம் பக்கம், மேற்குக் கரை. பாதி வருடம் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு, அன்று தரைப்பாலத்தை மூழ்கடித்துவிட்டது. பஸ் இல்லை.

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என்னோடு அதிகம் பேசியே பழகாத வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"மேல போனா பெரிய பாலம் இருக்குது. நடப்பியா?"

"நடப்பேனுங்க."

கரையோரமாக நடந்தோம். சின்ன வயதில் மாடு மேய்த்த கரை என்பதாலோ என்னவோ, அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. இந்தப் பாறைக் கரடு குறுக்கே நிற்பதால்தான் ஆறு வளைகிறது, அந்த வாய்க்கால் போய் ஏரியில் விழுகிறது என்று காட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்று, "உங்கூரத் தாண்டித்தான் இந்தத் தண்ணி எங்கூருக்கு வருது, தெரியுமா?" என்றார். எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை.

ஒரு வளைவு திரும்பினோம். எதிர்க்கரையில் குடையும் மஞ்சள் பையுமாக ஒருவர் வந்துகொண்டிருந்தார். என் அப்பா! எங்களைத் தேடி ஆற்றோடு கீழே நடந்து வந்திருக்கிறார். ஏதோ கத்தினார். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பாலம் இருக்கும் திசையைக் கைகாட்டிவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

அவர் அந்தக் கரையில், நாங்கள் இந்தக் கரையில். காலில் முள் குத்தி நான் நின்றால் அவரும் நின்றார். தென்னந்தோப்பு அவரை மறைத்தபோது எட்டி எட்டிப் பார்த்தபடி நடந்தேன். தோப்பு முடிகிற இடத்தில் எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

பாலத்தின் நடுவில் சந்தித்தோம். என்னிடம் வருவதற்கு முன் வீட்டுக்காரர் கையைத்தான் அப்பா பிடித்தார். "ரொம்ப நடந்துட்டீங்களா மாப்ளே?"

"இல்லீங்க மாமா."

மஞ்சள் பையில் நல்லெண்ணெய், சீயக்காய், எங்கள் இருவருக்கும் புதுத்துணி.

"நீங்க வர முடியாட்டி நாம கொண்டுபோயிக் குடுத்துரலாம்னு வந்தேன், சாமி" என்றார் என்னிடம்.

தூறல் போட்டது. குடையை மாப்பிள்ளைக்குப் பிடித்தபடி, நனைந்துகொண்டே வந்தார் அப்பா. நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தோம். அம்மா மூன்று பேருக்கும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்தாள்.