ஃபினோலாவின் அம்மாவைத் தேடி அடையாறு வரை

அயர்லாந்துக் குடும்பம் ஒன்றின் வேர்களைச் சென்னையிலேயே தேட முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்தாவதில் இரண்டு முறை தவறியவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டால், அதுவும் நியாயம்தான்.

என் மகள் ஜெனி கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இடைக்கால அயர்லாந்தில் வாழ்ந்த ஃபினோலா என்ற சீமாட்டியின் சொந்தபந்தங்களைத் தேடுவதுதான் அவள் வேலை. அப்பா, கணவர், பிள்ளைகள் எல்லாரும் கிடைத்துவிட்டார்கள். அம்மா பெயர் மட்டும் இல்லை. "அது ஒண்ணு கெடைச்சா முடிச்சிடுவேன்பா" என்பாள். போன ஜனவரியில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதனால் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, நானே கிளம்பினேன்.

திருமயிலையில் காலை 9.40-க்குப் பறக்கும் ரயில். ஐந்து ரூபாய். கஸ்தூர்பா நகரில் இறங்கி, அடையாறில் ஒரு பழைய நூலகத்துக்கு நடை. தடிப் புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்தவன் போலப் புரட்டினேன். நூலகர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "சார், அது ஸ்காட்லாந்து."

பிறகு அவரே உட்கார்ந்து மதியம் வரை தேடினார். "இன்னாரோட பொண்ணு, இன்னாரோட மனைவின்னு போட்டிருக்கு. அம்மா பேரை யாருமே எழுதலை சார்."

மாலையில் மனைவி ஸ்டெல்லாவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பூசையில் வாசிக்க, இறந்தவர்களின் பெயர்களை வாசலிலேயே எழுதிக்கொள்வார்கள். மேசையில் எங்கள் தெரு அந்தோணி. ஜெனிபர் என்றேன். அடுத்து ஃபினோலா என்றேன்.

"வெளிநாட்டுச் சொந்தமா நைனா?"

"ஜெனிக்குச் சொந்தம். அவங்க அம்மாவையும் சேத்துக்கோ. பேர்தான் தெரியல."

"அதுக்கு இன்னா? நம்ம தெருவுல எந்தப் பொம்பளை பேரு யாருக்குத் தெரியும்? ஃபினோலா அம்மான்னு எழுதிக்கிறேன்."

உண்மைதான். ஸ்டெல்லா இத்தனை வருஷமாகத் தெருவுக்கே 'ஜெனி அம்மா'. ஜனவரிக்குப் பிறகு ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. மனசு நோகுமே என்று நானும் 'இந்தாம்மா' என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

சாமியார் வாசித்தார்: "ஜெனிபர். ஃபினோலா. ஃபினோலா அம்மா."

ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னை ஏன்யா யாருமே அப்படிக் கூப்பிட மாட்டேங்கறீங்க?"

போகிறவர்கள் நூலகத்துக்கு அடையாள அட்டை கொண்டுபோங்கள். பூவை மயிலாப்பூரிலேயே வாங்கிவிடுங்கள். கல்லறை வாசலில் இரண்டு மடங்கு. கடற்காற்றுக்கு மெழுகுவத்தி நிற்காது, கண்ணாடிக் கூண்டு அவசியம். நான் வழக்கம்போல் மறந்துவிட்டேன். அணைந்த திரியைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஜெனி அம்மா, தீப்பெட்டி கொடு" என்றேன்.

கொடுத்தாள்.