களத்தில் இரண்டே சொல்

கனகசிங்கத்தின் இடது கையில் மூன்று விரல்கள்தான். அவர் செத்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அது முதலை கடித்த கை என்றே இன்னும் நம்புகிறார்கள். அவரும் மறுத்ததில்லை. கேட்பவர்களுக்கு முதலையைத்தான் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

உண்மை வேறு. இருபது வயதில், தோட்டா போட்ட துவக்கை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். துவக்கு சரிந்தது. பாய்ந்து பிடித்த கையில் இரண்டு விரல்கள் இல்லை. அதன்பின் இருபத்தைந்து வருடம் துவக்குகளோடுதான் புழங்கினார். அவர் சொல்லாமல் ஒரு வெடியும் கேட்டதில்லை.

1984 தை மாதம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஓர் அரச விதைநெல் பண்ணையில் துவக்கு அறை அவர் பொறுப்பில் இருந்தது. பன்றி விரட்ட மூன்று ஒற்றைக்குழல் துவக்குகள். வெளியே நாற்பது ஏக்கர் வயல்வட்டை, கதிர் தள்ளி நின்றது. பழைய காவல்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். துவக்கும் கையுமாக வயலில் நின்று ஆமியின் கண்ணில் பட, அந்த வருடம் தமிழன் எவனுக்கும் மனம் வரவில்லை.

அந்த இடத்துக்கு மகாஓயாப் பக்கமிருந்து ஐந்து சிங்களவர் வந்தார்கள். ஐவரும் துவக்கைத் தொட்டதில்லை. ஐவருக்கும் தமிழ் தெரியாது. கனகசிங்கத்துக்குச் சிங்களத்தில் பத்து வரை எண்ண வரும். பதினொன்று வராது.

மறுநாளே பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். "பத்தாம் நாள் வந்து பார்ப்பேன். ஒரு பிழை கண்டாலும் மூன்று துவக்கும் ஸ்டேசனுக்கு வரும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார். துவக்குப் போனால் விதைநெல் பன்றிக்கு. ஐவருக்கும் வேலை இல்லை. துவக்கு இல்லாத அறைக்குப் பொறுப்பாளர் எதற்கு? கனகசிங்கத்துக்கும் இல்லை.

மொழிபெயர்க்க முனாப் இருந்தார். பண்ணையின் களஞ்சியப் பொறுப்பாளர், ஏறாவூர்க்காரர். இரண்டு மொழியிலும் யாவாரம் செய்து பழகிய வாய். கனகசிங்கத்துக்கு அவர் காக்கா, அண்ணன் முறை. கனகசிங்கம் மூன்றுவிரல் கையைத் தூக்கிக் காட்டிப் பாடத்தைத் தொடங்கினார். ஐவரில் ஒருவன், டிங்கிரிபண்டா, ஏதோ கேட்டான்.

"என்னவாம் காக்கா?"

"முதலையா எண்டு கேக்கான்."

"முதலை இல்ல, மூளை இல்ல எண்டு சொல்லுங்க."

முனாப் சொன்னார். ஐவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடம் அவ்வளவில் நின்றது. இவர் ஒரு வரி சொன்னால் முனாப் நான்கு வரி சொல்வார். டிங்கிரிபண்டா வாய் மூடாமல் எட்டு வரி பதில் சொல்வான். அதற்குள் யாராவது குழலைப் பக்கத்தில் நிற்பவனின் வயிற்றுக்கு நேரே திருப்பியிருப்பான். சுமனபால என்றொருவன், மூன்று பிள்ளைகளின் தகப்பன், குழல் வாய்க்குள்ளேயே கண்ணை வைத்து எட்டிப் பார்த்தான். வெறும் துவக்குத்தான். ஆனாலும் கனகசிங்கம் அதைப் பறித்தார். இரண்டு நாளாக ஒரு தோட்டாவையும் அவர் அறையை விட்டு வெளியே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கர்த்தால், எங்கும் கடையடைப்பு. பஸ் இல்லை. முனாப் ஏறாவூரிலேயே நின்றுவிட்டார்.

பேச ஆளில்லாததால் கனகசிங்கம் அன்று பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் நடந்தது சூடு மிதிக்கிற, மாடு விட்டு நெல் பிரிக்கிற களத்தில். மட்டமான நிலம், பின்னால் உயர்ந்த அணைக்கட்டு. அதனால்தான் அதைத் தெரிந்தெடுத்திருந்தார். ஐவரும் வந்தார்கள். களத்து ஓரத்தில், யாரும் சொல்லாமல், ஐந்து சோடிச் செருப்பையும் கழற்றி வைத்தார்கள். டிங்கிரிபண்டாவின் குரலும் காலடி வைக்கும்போது தணிந்தது.

இரண்டு நாளும் இது நடந்திருக்கும். அவர்தான் பார்க்கவில்லை.

மட்டக்களப்பில் களத்துக்கென்று ஒரு பேச்சு உண்டு. களத்தில் நின்றுகொண்டு நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது. பொலி என்றுதான் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்ததைப் பேசினால் விளைச்சல் போய்விடும். கனகசிங்கம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, நெல் தூற்றுகிற மாதிரித் தூவி, "பொலி" என்றார். டிங்கிரிபண்டா அவரையே பார்த்தான். பிறகு முகமெல்லாம் பல்லாக, "கமத!" என்று காலடி நிலத்தைத் தட்டிக் காட்டினான். மாடு இல்லாமலே மாடு சாய்த்து ஓட்டிக்கொண்டு களத்தைச் சுற்றி வந்தான். மற்ற நால்வரும் முன்னால் மாடாகப் போனார்கள். கனகசிங்கம் ஐந்தாவது மாடு.

மறுநாள் வந்த முனாப்புக்கு அதைக் கேட்டு ஆச்சரியமே இல்லை. "கமத எண்டா களம். அவங்களுக்கும் களத்துப் பேச்சு இருக்கு தம்பி. நம்மட போலத்தான், கண்டதும் பேசப்படா."

"இத முதல் நாளே சொல்லப்படாதா காக்கா?"

"நீ துவக்கப் பத்தித்தானே கேட்டாய்?"

அன்றிலிருந்து பாடம் மாறியது. கனகசிங்கம் களத்தைச் சுற்றிச் சாம்பலால் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. இரண்டே சொல். "பொலி" என்றால் சுடலாம். அதை அவர் மட்டும் சொல்வார். "ஹோவ்" என்று மாட்டை நிறுத்துகிற சத்தம் கேட்டால், விசையிலிருந்து விரலை எடுத்து, துவக்கை மடித்துத் திறந்து, சாக்கில் கிடத்திவிட்டுப் பின்னால் வரவேண்டும். அதை யாரும் சொல்லலாம். பிழையாகச் சொன்னாலும் ஏச்சு இல்லை.

பிழையாகச் சொல்வதற்கென்றே சுமனபால பிறந்திருந்தான். வெடிச்சத்தம் அவனுக்கு ஆகாது. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சுடுவான். ஒரு நாளில் பதினொரு தரம் "ஹோவ்" சொன்னான். ஒரு தரம் ஆட்காட்டிக் குருவிக்கு. ஒரு தரம் தன் தும்மலுக்கு. பதினொரு தரமும் கனகசிங்கம் துவக்கை மடித்துக் கிடத்த வைத்தார்.

"இவன வச்சுக்கொண்டு இன்ஸ்பெக்டருக்கு முன்னால என்ன செய்யப் போறாய்?" என்றார் முனாப்.

"அவன் சொல்லாம விட்டாத்தான் எனக்குப் பயம் காக்கா."

பத்தாம் நாள் காலை ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்று சாம்பல் கோட்டுக்கு வெளியே நின்றார். அணைக்கட்டின் முன்னால் மூன்று பால்மாத் தகரம். மூவர் வரிசையில், நடுவில் சுமனபால. தோட்டா போட்டாயிற்று.

"வெடி தியன்ன!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். சுடச் சொல்கிறார். ஒருவரும் அசையவில்லை. அது களத்துச் சொல் இல்லையே.

"வெடி தியன்ன!"

முனாப் கண்ணை மூடி ஏதோ ஓதத் தொடங்கினார். கனகசிங்கம் "பொலி" சொல்ல மூச்சை இழுத்தார்.

"ஹோவ்!"

சுமனபாலதான். இன்றைக்கும் ஆட்காட்டி என்றுதான் கனகசிங்கம் நினைத்தார். நாற்பது ஏக்கரும் போயிற்று, ஆறு பேரின் சோறும் போயிற்று. நினைத்துக்கொண்டே கையைத் தூக்கினார். மூன்று துவக்கும் ஒரே நேரத்தில் மடிந்தன, சாக்கில் கிடந்தன, மூவரும் பின்னால் வந்தார்கள்.

இன்ஸ்பெக்டரின் முகம் செங்கல்லாகியது. யாருக்கு இந்தத் துணிவு என்று சிங்களத்தில் கேட்டார். சுமனபால விரலை மட்டும் நீட்டினான். அணைக்கட்டுக்கு மேலே, நடுத் தகரத்துக்கு நேரே, நூல் போல ஒரு பீடிப் புகை.

புகைக்குக் கீழிருந்து ஒரு தலை முளைத்தது. இன்ஸ்பெக்டரின் ஜீப் றைவர். ஒதுங்கப் போனவர். ஒரு கையில் பீடி, மறு கையில் காற்சட்டை.

"முதலைக்குத் தப்பிட்டான்" என்று கனகசிங்கம் வாய்க்குள் சொன்னது முனாப்புக்குக் கேட்டுவிட்டது. முனாப் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரிக்க ஐவரும் சிரித்தார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

பிறகு அவர் ஜீப்பின் மிதிபலகையில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். வெறுங்காலோடு சாம்பல் கோட்டைத் தாண்டி வந்து, சுடுவதற்கு இவர்களுக்கு எந்தச் சொல் என்று கனகசிங்கத்திடம் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார். கனகசிங்கம் அணைக்கட்டை மறுபடி ஒருதரம் பார்த்தார். இருபக்கமும் பார்த்தார். அதன்பின்தான் அதைச் சொன்னார்.

மூன்று தகரமும் பறந்தன. சுமனபாலவின் கண் அப்போதும் மூடித்தான் இருந்தது.

துவக்குகள் பண்ணையிலேயே நின்றன. அந்தப் போகம் ஒரு பன்றியும் கதிரில் வாய் வைக்கவில்லை. சூடு மிதித்த அன்று, ஐவரும் அதே களத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். மாடு சாய்த்தவன் டிங்கிரிபண்டா. பொலி என்று முதலில் கத்தியவன் சுமனபால.