கேலரிக்கு முன்னால் கட்டிய கீற்றுத் தட்டி

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும், அச்சடிப்பவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். எங்கள் மைதானத்தின் பழைய பெருமைகளை ஆண்டுவிழா மலருக்கு எழுதித் தரும்படி கமிட்டிக்காரர்கள் என்னைக் கேட்டு மூன்று மாதமாகிறது. யோசித்துப் பார்த்தால் பெருமை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பச்சைத் தென்னங்கீற்று சாயங்கால வெயிலில் வாடுகிற வாசனைதான் வருகிறது. அதையே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூரில் செம்மண்டலம். மைதானம் நடக்கிற தூரத்தில் இருந்தது. எனக்குப் பத்து வயதான வருஷம் அங்கே சிமெண்டில் கேலரி கட்டினார்கள். மைதானத்துக்கு மேற்கே ரோடு. பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் தங்கள் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காகக் கமிட்டிக்காரர்கள் கேலரியைக் கிழக்கு ஓரத்தில் மேற்கு பார்க்கக் கட்டி, அதன் நெற்றியில் தங்கள் பெயர்களைத் தலைவர் தொடங்கித் துணைப் பொருளாளர் வரை பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். கால்பந்து சாயங்காலம் ஆடுகிற ஆட்டம் என்பதும், சாயங்காலம் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்பதும் அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜனங்கள் கேலரியைச் சீந்தாமல், எதிரே ரோட்டோர மண்ணில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். எங்கள் தெருவில் அதற்குக் "கண்ணெரிச்சல் கேலரி" என்று பெயர். "பாக்க வந்தவனுக்கு வெயிலு, பேரு போட்டுக்கிட்டவனுக்கு நெழலு" என்பார் அப்பா.

ஆட்டம் நடந்த நாட்களும் குறைவுதான். ராட்டினமும் அப்பளக் கடையுமாகப் பொருட்காட்சி ஒரு மாதம், கட்சிக் கூட்டங்கள், தீபாவளிக்குப் பட்டாசுக் கடைகள், மற்ற நாட்களில் டிரைவிங் ஸ்கூல் கார்கள் எட்டுப் போட்டுப் பழகும். பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு குழியை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். மேட்ச்சுக்கு முதல்நாள் என் தாய்மாமன் குணசேகரன் கூடையில் மண் அள்ளி வந்து அந்தக் குழிகளை ஒவ்வொன்றாக மூடுவார். கமிட்டியில் ஒருவரும் அதற்குக் குனிந்து நான் பார்த்ததில்லை.

மாமா எங்கள் வீட்டிலேயே இருந்தார். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை. கடலூர் டீமில் இடது ஓரம் ஓடுகிற பதினோராம் நம்பர். அந்த வருஷம் சிதம்பரத்தோடு கடைசி ஆட்டம். சென்னையில் ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்கிறவர் அதைப் பார்க்க வருகிறார், நன்றாக ஆடுகிற ஒருவனுக்கு அங்கே நிரந்தர வேலை என்று செய்தி வந்தது. மாமா ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. "இந்த ஒரு மேட்ச்சுதான் மாப்ள. இதுல வுட்டா ஆயுசுக்கும் பஞ்சர்தான்" என்றார்.

கமிட்டிச் செயலாளருக்கு வேறு கவலை. "மெட்ராஸ்லேர்ந்து பெரிய மனுசரு வர்றாரு, அவரு மூஞ்சில வெயிலு அடிக்கலாமா?" என்று சொல்லி, கேலரியின் முன் வரிசையில் சோபா போட்டு, அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்குக் கீற்றுத் தட்டி கட்டச் சொன்னார். கட்ட வந்த பந்தல்காரர், பாவம், தலையைச் சொறிந்தார்.

"ஏங்க, இத கட்டிட்டா அவுங்களுக்கு ஆட்டம் எப்புடிங்க தெரியும்?"

"யோவ், அவரு என்னா ஆட்டம் பாக்கவா வர்றாரு? நம்ம மரியாதைய ஏத்துக்க வர்றாருய்யா. இறுக்கிக் கட்டு."

அப்படியே கட்டினார்கள். சென்னைக்காரருக்குச் சால்வை போட்டு, மாலை போட்டு, கையில் சோடாவைக் கொடுத்து, பச்சைத் தட்டியைப் பார்க்க உட்கார வைத்தார்கள். அவர் இரண்டு முறை எழுந்து பார்த்தார். இரண்டு முறையும் செயலாளர், "வெயிலு சார், ஒக்காருங்க சார்" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான் கூட்டத்துக்கு அஞ்சுகிறவன். யாராவது கேள்வி கேட்டால் தலையைத்தான் ஆட்டுவேன். "வாயில என்னடா கொழுக்கட்டையா வெச்சிருக்க?" என்று அம்மா திட்டாத நாளில்லை. அதனால் ஜனங்களோடு எதிர்ப்பக்கம் போகாமல், காலியாகக் கிடந்த கேலரியில் தட்டி முடிகிற ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டால் எனக்கு எல்லாம் தெரிந்தது.

ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போது மாமா இடது ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு சிதம்பரத்து ஆட்கள் இரண்டு பேரைத் தாண்டிப் போய்க் குறுக்காக அடித்தார். வலை உப்பியது. "போட்டாண்டா மச்சான்!" என்று எதிர்க்கரை எழுந்து நின்று கத்தியது. செயலாளரின் மச்சினன்தான் ஏழாம் நம்பர். அவன் அந்த நேரம் நடுக்கோட்டில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"யாருங்க அடிச்சது?" என்றார் சென்னைக்காரர், தட்டியிடம் கேட்பது போல.

"ஏழாம் நம்பர் சார். தங்கமான பையன்" என்றார் செயலாளர், கண்ணிமைக்காமல்.

வந்தவர் முட்டாளல்ல. சுற்றிலும் பார்த்தார். அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் இருந்தேன். "ஏன் தம்பி, ஒனக்குத் தெரியுதே, ஏழாம் நம்பர்தானா?" என்றார்.

செயலாளர் திரும்பி என்னைப் பார்த்தார். மாமா பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

ஏழாம் நம்பர் சென்னைக்குப் போனான். மாமா சைக்கிள் கடைக்குப் போனார். "மரியாதைன்னு சொல்லி அந்த ஆளு கண்ண கட்டிட்டானுங்க மாப்ள. எல்லாம் அந்தத் தட்டியால வந்தது" என்றார். இன்று காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லில் காவல் வேலை பார்க்கிறார். இன்றைக்கும் அதே வார்த்தைதான் சொல்கிறார். இத்தனை வருஷமும் பழியைத் தட்டியின் தலையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். கமிட்டிக்காரர்களை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தாலும், அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இப்போது மைதானத்தில் கோல்கம்பங்கள் இல்லை. ஒரு கம்பத்தை நுழைவாசலில் விளம்பரப் பேனர் கட்ட நட்டிருக்கிறார்கள், மற்றது போன இடம் தெரியாது. சுற்றிலும் நடைப்பயிற்சிக்குக் கல் பதித்து, "இங்கே பந்து விளையாடக் கூடாது" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். கேலரி மட்டும் அப்படியே நிற்கிறது, சாயங்காலம் கண் எரிய. பென்ஷனோடு திரும்பி வந்திருக்கும் ஏழாம் நம்பரின் பெயரை, சிதம்பரத்தை வென்ற அந்தக் கோலுக்காக, ஆண்டுவிழாவில் அந்தக் கேலரிக்குச் சூட்டப் போகிறார்களாம்.

அந்தக் கோலை அடித்தது பதினோராம் நம்பர் குணசேகரன். நான் தலையாட்டியது பொய். மலரில் இதைப் போடுவார்களோ கிழித்துப் போடுவார்களோ, எனக்குத் தெரியாது. கமிட்டியிடம் கொடுப்பதற்கு முன்னால், விடிந்ததும் முதல் பஸ் பிடித்துக் காட்டுமன்னார்கோயில் போய், மில் வாசலில் மாமாவை உட்கார வைத்து வாசித்துக் காட்டப் போகிறேன்.

எழுதி முடித்தது: தை மாதம் பதினேழாம் நாள், சனிக்கிழமை.