மேடையில் ராஜ்கமல், மூன்றாம் வரிசையில் சத்யப்பிரியா

கடலூர் முதுநகரில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, போன் மூலம் ஆள் பிடித்துப் பாலியல் தொழில் செய்துவந்த சத்யப்பிரியாவுக்கு முதல் போதை ஊசியைப் போட்டவன் ராஜ்கமல். லோடு ஆட்டோ ஓட்டுவதாகச் சொல்லிக்கொள்வான். அவன் ஓட்டிப் பார்த்தவர்கள் குறைவு. வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, "ஒடம்பு வலி தெரியாது புள்ள, நல்லா தூங்குவ" என்று அவள் கையைப் பிடித்தான். அவள் சம்பாத்தியத்தில் தின்று, அதிலேயே இருவருக்கும் மாத்திரை வாங்கி, அதற்குக் காதல் என்றும் பெயர் வைத்தான். அவளும் நம்பினாள்.

ஊசி குத்திய இடத்தில் சீழ் பிடித்து அவன் கை வீங்கியதும் வீரம் போய்விட்டது. சிதம்பரம் பக்கம் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துக்கு இருவரும் போனார்கள். பொறுப்பாளர் ஞானசேகரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"லேடீஸுக்கு இங்க வசதி இல்லம்மா. நீங்க இவருக்கு இன்னா வேணும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ராஜ்கமல் முந்தினான். "அக்கா சார்."

அக்காவாகவே பஸ் ஏறித் திரும்பினாள். மாத்திரையை நிறுத்தியதும் எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவளுக்குத் துணி அலசி, கஞ்சி ஊற்றி, கூடவே கிடந்தவள் அதே தொழில் செய்யும் புஷ்பவள்ளி. ஷேர் ஆட்டோவில் அள்ளிப் போட்டு அரசு மருத்துவமனைக்கும் அவளே கொண்டுபோனாள். அதற்கப்புறம் சத்யப்பிரியா தினமும் தானாகவே அங்கே போய், போதையை விடுவதற்கான மருந்தை வாங்கினாள். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

ராஜ்கமலுக்குத் தட்டினார்கள். மையத்தில் குடும்ப விழா. அக்கா என்ற முறையில் சத்யப்பிரியாவுக்கும் அழைப்பு வந்திருந்தது. வேளாவேளைக்குச் சோறு தின்று கன்னம் உப்பியவன் மைக்கைப் பிடித்தான்.

"ஒரு தப்பான பொம்பள சகவாசத்தால சீரழிஞ்சேன். அவதான் எனக்கு இந்தப் பழக்கத்த கத்துக்குடுத்தா. கடவுள் காப்பாத்துனாரு."

முந்தானையால் கண் துடைக்கவும் சிலர் இருந்தார்கள். ஞானசேகரன் சால்வை போர்த்தினார். மூன்றாம் வரிசையிலிருந்து சத்யப்பிரியா எழுந்தாள்.

"மொத ஊசிய யாரு யாருக்குப் போட்டதுன்னு சொல்லிட்டு எறங்கு மாமா."

அக்கா, தம்பியை மாமா என்று கூப்பிட்டதில் முன்வரிசை முழுக்கத் திரும்பியது.

"அம்மா, ஒக்காருங்க. இது ஃபேமிலி ஃபங்ஷன்" என்றார் ஞானசேகரன்.

"அதனாலதான் சார் வந்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

குணமாகி வெளியே வந்த ராஜ்கமல் நேராக அவள் அறைக்குத்தான் வந்தான். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "ஒரே ஒரு தடவ புள்ள. ஒனக்கும் சேத்துதான் வச்சிருக்கேன்."

அவள் நாக்கில் எச்சில் ஊறியது. அந்த ஆசை இன்னும் இருப்பதில் அவளுக்கே அருவருப்பு.

"ஒன்னப் பாத்தா கோவம்கூட வரல. கைதட்டுற எடமாப் பாத்துப் போயி நில்லு."

கதவைச் சாத்தி, அவன் காலடிச் சத்தம் போகிறவரை தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். பிறகு புஷ்பவள்ளிக்குப் போன் போட்டு வரச் சொன்னாள்.

ராஜ்கமல் இப்போது புதுச்சேரிப் பக்கம் வேறொரு மையத்தில். அங்கே இன்னும் நன்றாகப் பேசுகிறானாம். சத்யப்பிரியா தொழிலை விடவில்லை, மருந்தையும் விடவில்லை. மருத்துவமனைக்குப் போகும்போது வெண்மதி என்ற இன்னொரு பெண்ணையும் கூட்டிப்போகிறாள். வெண்மதி வழியெல்லாம் அழுகிறாள். அவளுடைய ஆளும் எங்கோ குணமாகிக்கொண்டிருக்கிறானாம்.