பலாப்பழத்தோடு மனு கொடுக்கப் போனோம்

இன்றைக்கும் யாராவது என்னிடம், "உங்க கொல்லிமலைப் பலாப்பழம் இருக்கே, அடடா" என்று சப்புக்கொட்டினால் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறும். பழத்தின் மேல் கோபமில்லை. அது பாவம், யார் வெட்டினாலும் இனிக்கும். நான் நான்காவது படித்தபோது ஒரு திங்கட்கிழமை நடந்த கூத்துதான் என் கோபத்துக்குக் காரணம்.

அப்போது எங்கள் மலையில் விலைவாசி தனி தினுசாக ஓடிக்கொண்டிருந்தது. அடிவாரத்திலிருந்து புறப்படும் சோப்பும் சர்க்கரையும் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி மேலே வந்து சேர்வதற்குள் விலை கூடிவிடும். கேட்டால் லாரி வாடகை என்பார்கள். சரி, அதே லாரியில் எங்கள் மிளகும் மரவள்ளிக்கிழங்கும் கீழே இறங்குகின்றனவே, அப்போது? அப்போதும் லாரி வாடகையை எங்கள் தலையில்தான் கட்டுவார்கள். ஏறினாலும் நாங்கள்தான் அழ வேண்டும், இறங்கினாலும் நாங்கள்தான் அழ வேண்டும். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ரேஷன் கடையில் பருப்பும் பாமாயிலும் கிடைத்தவரை எப்படியோ வண்டி ஓடியது. அந்த வருஷம் அதுவும் நின்றுபோனது. "லோடு மலை ஏறலீங்க" என்பார் கடைக்காரர். கீழே எல்லாக் கடையிலும் கொடுக்கிறார்களே என்று கேட்டால், "அது கீழேங்க" என்று பதில் வரும். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது? வீட்டில் அம்மா தாளிப்பதையே விட்டுவிட்டாள். காஸ் சிலிண்டர் காலியாகி மூலையில் நின்றது. அதன் மேல் நான் புத்தகப் பையை வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் அப்பா போர் லாரிக்குப் போகப்போவதாகச் சொன்னார். வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரி அது. ஏறினால் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. பக்கத்துத் தெருவிலிருந்து போனவர் பொங்கலுக்கும் வரவில்லை, ஆடி நோன்புக்கும் வரவில்லை. நான் அழுது அமர்க்களம் பண்ணியதும் அப்பா, "ரேஷன்ல பருப்பும் எண்ணெயும் வந்துட்டா நான் ஏஞ்சாமி போறேன்" என்றார். எனக்கு அது போதும். அன்றிலிருந்து எனக்குப் பாமாயில் என்றால் அப்பா.

அத்தை, அப்பாவின் அக்கா, அடுத்த வீட்டில் இருந்தாள். அவள் சாதாரணமாகப் பேசினாலே எதிர்மேட்டில் மிளகு பறிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "வாயத் தொறந்து கேக்காம ஒருத்தனும் குடுக்கமாட்டான். போய்க் கேப்போம்" என்று அவள்தான் கிளம்பினாள். வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் திரட்டினாள், என் வாத்தியாரைப் பிடித்து மனு எழுதி வாங்கினாள், ஊரே அதில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தது. திங்கட்கிழமை கீழே பெரிய அதிகாரி மனு வாங்குவாராம். எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்று நான் எழுதப்போவதில்லை. மனுவுக்குப் பதில் அனுப்ப நேரமில்லாதவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப மட்டும் நேரம் இருக்கும்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். பெண் கேட்கப் போனாலும் சரி, வரப்புத் தகராறு பேசப் போனாலும் சரி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழமாவது இருக்கும். முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள். அதனால் அன்று காலை யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. சாமை, தேன், மலைவாழை, மிளகுப் பொட்டலம், பலருக்குப் பலாப்பழம். எங்கள் வீட்டுப் பலாவில் இருந்ததிலேயே பெரிய பழத்தை அப்பா அடிபடாமல் கயிறு கட்டி இறக்கித் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். பஸ்ஸின் கூரை முழுக்கப் பலாப்பழம். ஒரு கல்யாணத்துக்குப் போவதுபோல இருந்தது எனக்கு.

அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடிக்க இறங்கினோம். எங்களிடம் மிளகு வாங்குகிற பாய், பக்கத்திலிருந்த தன் கடையிலிருந்து எழுந்து வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கக்கா, ஊட்டுல ஒண்ணும் இல்லீன்னு சொல்லப் போறவங்க இத்தன பழத்தோடயா போவாங்க? இங்கயே எறக்கி வச்சுட்டுப் போங்க. வரும்போது எடுத்துக்கலாம்" என்றார்.

"நீங்க ஒண்ணுங்க பாய். கைய வீசிட்டுப் போய் ஒருத்தர் வாசல மிதிக்கறதாங்க?" என்றாள் அத்தை.  பாய் போய் எல்லோருடைய டீக்கும் தானே காசு கொடுத்துவிட்டார்.

ஆபீஸ் வராந்தாவில் பழங்களை அடுக்கினோம். அதிகாரி வெளியே வந்தார், பார்த்தார், அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு செழிப்பா இருக்கீங்க, உங்களுக்கு என்னம்மா குறை? நாங்கல்லாம் இதக் காசு குடுத்துல்ல வாங்குறோம்" என்றார். கூட நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். அப்பா கொண்டுவந்த பழத்தின் பக்கத்தில் என்னை நிறுத்தி, "சிரி பாப்பா" என்றார். அத்தை மனுவை நீட்டியபடி முன்னால் வந்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, பழம் மறையுது" என்றார் கேமராக்காரர். படம் பிடித்து முடிந்ததும் அதிகாரி மனுவை வாங்கி, பிரிக்காமலே பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

பியூன் கத்தியோடு வந்து எங்கள் பழத்தின் முன்னால் குந்தினார். கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அத்தையிடம், "பிசின் ஒட்டுமேம்மா. தடவிக்க எண்ணெய் கொண்டாரலியா?" என்று கேட்டார்.

"அதக் கேட்டுத்தானுங்க வந்திருக்கோம்" என்றாள் அத்தை.

வராந்தாவே கொல்லென்று சிரித்தது. அவள் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களும் வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ தலைக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். பழம் பிளந்தது, வாசனை ஆபீஸ் முழுக்கப் பரவியது. எங்கள் பழத்திலிருந்தே எங்களுக்கும் ஆளுக்கு இரண்டு சுளை கொடுத்தார்கள். மீதிப் பழங்கள் ஒவ்வொன்றாக ஜீப்புகளில் ஏறின.

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. உதவி கேட்கப் போகிறவர்கள் கிழிந்த துணியும் காலிச் சட்டியுமாகப் போக வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பஞ்சத்தை வேஷம் கட்டி ஆடிக் காட்டினால்தான் நம்புவார்களா? மரியாதையாக வந்து கேட்டால் அது குறையில்லை என்று ஆகிவிடுமா? படித்தவர்கள்தானே, அந்தக் காகிதத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

இதெல்லாம் இன்றைய கோபம். அன்றைக்கு எனக்கு வந்ததோ தலைகால் புரியாத சந்தோஷம். மறுநாள் மதிய பஸ்ஸில் வந்த பேப்பரில் என் படம் இருந்தது. பெரிய பழம், பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நான். கீழே, "அமோக விளைச்சல்: மகிழ்ச்சியில் மலை மக்கள்" என்று போட்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டி ஊர் முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டவர்கள் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பேப்பரில் படமே வந்துவிட்டது, இனிப் பருப்பும் எண்ணெயும் வராமல் எங்கே போகும் என்று நான் இருந்தேன்.

அந்த வாரக் கடைசியிலேயே அப்பா போர் லாரிக்குக் கிளம்பினார். எண்ணெய் வருகிறவரைக்கும்தான் போகிறார் என்று எனக்கு நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அந்தப் படத்தை வெட்டி அவர் சட்டைப்பையில் வைத்து, வடக்கே எல்லோருக்கும் காட்டச் சொன்னேன். "காட்றேன் சாமி" என்றார். பஸ் கிளம்பியது.

வழியனுப்ப ஊரே வந்திருந்தது, அத்தை மட்டும் வரவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் வீட்டுக்குள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மிச்சப் பேப்பரைக் காட்டினேன். "எடுத்துட்டுப் போ கண்ணு" என்றாள், திரும்பாமலே. அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் படம் பிடித்தார்கள் அல்லவா, அந்தப் பொறாமை அவளுக்கு என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன்.