பெற்றோர் விருப்பப்படி

புதிதாக வந்த கணக்கு டீச்சரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்ததும் வராததுமாக என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பேனாவை எடுத்து, வேலையில் சேரும் கடிதத்தை எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் போனவள். பத்தொன்பது வருஷமாக இந்தப் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். தலைமையாசிரியர்கூட அந்த நாற்காலியைத் தொட்டதில்லை. ஆள் குள்ளம், குரல் மூன்று வகுப்பு தாண்டிக் கேட்கும். ஒரே வாரத்தில் பிள்ளைகள் 'வெடி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதில் மட்டும் பிள்ளைகளும் நானும் ஒரே கட்சி.

இடைவேளையில் மற்றவர்கள் ஓய்வறைக்குப் போனால் இவள் என் அறைக்கு வந்து பழைய பதிவேடுகளைக் கேட்பாள். எதற்கு என்றால், சும்மா பார்க்கத்தான் என்பாள். சும்மா பார்க்கிறவள் நோட்டில் எழுதிக்கொள்வாளா? ஏழு வருஷத்தில் இது ஐந்தாவது பள்ளிக்கூடம் என்று அவளே சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த வாய்க்கு ஐந்து கம்மி.

எங்கள் பள்ளி வாசலில் 'பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று பெரிய பலகை உண்டு. அந்த நூறு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது தலைமையாசிரியர் ஒரு பட்டியல் கொடுப்பார். தேறாது என்று அவர் நினைக்கிற பிள்ளைகள். பெற்றோரை வரவழைத்து, நீங்களாக டி.சி. வாங்கிக்கொண்டு போனால் நடத்தை 'நன்று' என்று போடுவோம், இல்லாவிட்டால் வேறு மாதிரி போட வேண்டி வரும் என்பார். அவர்கள் வருவதற்கு முன்பே நான் டி.சி.யை எழுதி வைத்திருப்பேன். 'பள்ளியை விட்டு விலகும் காரணம்' என்ற கட்டத்தில் 'பெற்றோர் விருப்பப்படி'. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்த வருஷம் பட்டியலில் ஒரே பெயர், ஒரு தையற்காரரின் மகள். மற்ற பாடமெல்லாம் பரவாயில்லை, கணக்குதான் ஏறவில்லை. விஷயம் தெரிந்ததும் வெடி என் மேசைக்கு வந்து நின்றாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தலைமையாசிரியரிடம் போய்க் கத்துங்கள் என்றேன். அங்கே கத்திவிட்டுத்தான் வருகிறேன் என்று நோட்டைப் பிரித்து என் முன்னால் போட்டாள். நாற்பத்தொரு பெயர், விலாசத்தோடு. எல்லாம் நான் டி.சி. எழுதியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்து பதினாறு வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒருத்தன் லாரி கழுவுகிறான். ஒருத்தி பதினேழு வயதில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். வேறு பள்ளியில் சேர்ந்தவர்கள் இரண்டே பேர்.

"எல்லா வீட்லயும் டி.சி.ய பத்திரமா வெச்சிருக்காங்க மேடம். எழுத்து முத்து முத்தா இருக்குன்னு காட்டுறாங்க. ஆபீஸ் அம்மா தங்கமானவங்க, உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாங்கன்னு சொல்றாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. திட்டியிருந்தால் நானும் நாலு திட்டு திட்டியிருப்பேன். வெளியே போங்கள் டீச்சர் என்றேன். போனாள்.

மறுநாள் தையற்காரர் வந்தார். அவசரத்தில் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே வந்திருந்தார். தலைமையாசிரியர் தேன் ஒழுகப் பேசினார். நீங்கள் சொன்னால் சரிதான், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று தையற்காரர் கேட்டார். மகள் கதவோரம் தலை குனிந்து நின்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. தலைமையாசிரியர் மேலா, வெடி மேலா, என் மேலேயா, தெரியவில்லை. காரணக் கட்டத்தை அன்று காலியாக விட்டிருந்தேன். நின்றபடியே எழுதினேன்: 'தேர்ச்சி விகிதம் குறையக் கூடாதென்று தலைமையாசிரியர் அனுப்புகிறார்.' முதலில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் சார் என்று அவர் முன்னால் வைத்தேன்.

படித்துப் பார்த்தவர் அதை நாலாகக் கிழித்தார். பைத்தியமா உங்களுக்கு, ஒழுங்காக வேறு எழுதுங்கள் என்று கத்தினார்.

"எழுத மாட்டேன் சார். வேணும்னா உங்க கையால நீங்களே எழுதிக்குங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை. அந்தப் பொய்யைத் தன் எழுத்தில் போட அவருக்குத் துணிச்சல் இல்லை. பத்தொன்பது வருஷமும் அது என் எழுத்தில்தானே இருந்தது! அப்படியானால் பெண் வகுப்புக்குப் போகலாமா என்று தையற்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். போகட்டும் என்றேன்.

மதியம் வெடி வந்தாள். ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்.

"இவ பரீட்சை எழுதிருவா. அந்த நாப்பத்தொரு பேருக்கு என்ன பண்ணப் போறீங்க?"

எனக்கு அவள் மேல் இருக்கிற கோபம் இன்றுவரை தீரவில்லை. கேட்டதற்கு ஒரு பதில் என்னிடம் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும்.