அகரவரிசைக் கல்யாணம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் மூத்த மகளுக்குக் கல்யாணம். வந்தவர்களில் பாதிப் பேர் பெண் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மற்றப் பாதிப் பேர் முதல் வரிசையில் இருந்த ஒருவரைப் பார்த்தார்கள்.

பெண்ணின் தாய்மாமனுக்குப் பக்கத்துக் கதிரை. பட்டு வேட்டி, மடிப்புக் குலையாத மஞ்சள் சேட்டு, நெற்றியில் சந்தனம். "ஆரு அவர்?" என்று என் காதுக்குள் கேட்டவர்கள் மட்டும் பத்துப் பேர் இருப்பார்கள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். அவர் எங்கள் வீட்டுத் தண்ணி மோட்டர் திருத்துபவர். ஆரையம்பதி அமிர்தலிங்கம். மோட்டர் நின்றால் போன் எடுப்போம், ஓடினால் மறந்துவிடுவோம்... போன மாதம் வரை எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

அவரை முதல் வரிசையில் இருத்தியது யார்? எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்!

விஷயம் இதுதான். பதினைந்து வருஷமாக எங்கள் கம்ப்யூட்டரில் எழுத்து வேலைக்கும் பட்டியல் வேலைக்கும் இருந்தது ஒரு களவுப் பிரதி. டவுனில் ஒரு கடைக்காரர் "எல்லாம் போட்டிரிக்கு சேர்" என்று சொல்லித் தந்தது. இந்தப் பத்திரிகைப் பத்தியையும் இத்தனை காலம் அதில்தான் தட்டி அனுப்பினேன். நேர்மையைப் பற்றி எழுதிய பத்திகள் உட்பட.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அது செத்தது. திரையின் மேலே சிவப்பாக ஒரு பட்டி. பைலைத் திறக்கலாம், வாசிக்கலாம். ஓர் எழுத்துத் தட்ட முடியாது. அழைப்புப் பட்டியல் போட வேண்டும், கடித உறைக்கு விலாசம் அடிக்க வேண்டும் – இந்த நேரத்தில்!

குடும்ப மகாநாடு கூடியது. மனைவி சுகந்தி, பள்ளிக்கூட ஆசிரியை. இளைய மகள் துஷி, கம்பஸில் படிக்கிறாள். பிறகு நான், எல்லாம் தெரிந்தவன்.

வருஷா வருஷம் காசு கட்டிப் பாவிப்பது ஒரு வழி. அதைச் சொன்ன உடனேயே மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தோம். மறுபடி டவுன் கடைக்குப் போய்க் களவுப் பிரதி ஏற்றுவது இன்னொரு வழி. அது என் யோசனை. துஷி கொண்டுவந்தது மூன்றாவது... இலவச மென்பொருள்.

"சும்மாவா தாறாங்க?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பா. உலகத்தில கன பேர் சேர்ந்து செஞ்சு, எல்லாருக்கும் சும்மா குடுக்கிறாங்க."

"அவங்களுக்கு என்ன லாபம்?"

"ஒண்டும் இல்ல."

"அப்ப அதுக்குள்ள என்னவோ இரிக்கு!"

சுகந்தி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "இஞ்ச பாருங்க, கோயில் அன்னதானத்தில போய் ஏன் சும்மா போடுறீங்க எண்டு கேட்டீங்களா? ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்க."

கவனித்தீர்களா? பதினைந்து வருஷம் களவெடுத்துப் பாவித்த சாமானில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. ஒருவன் மனசார எடுத்துக்கொள் என்று நீட்டியதும் சந்தேகம் வந்துவிட்டது. நம்மில் பல பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

இலவசத்திலும் மூன்று ரகம் இருந்தது. ஒன்று இன்டர்நெட்டில் மட்டும்தான் வேலை செய்யும். எங்கள் பக்கம் மழை இருட்டினாலே சிக்னல் ஓடிவிடும். வாவிக் காற்றுக்கும் அதற்கும் என்ன பகையோ! இரண்டாவது, ஒரு வரி தட்டினால் ஒரு விளம்பரம் காட்டியது. மூன்றாவதை ஒரு தரம் இறக்கினால் போதும், பிறகு யாரையும் கேட்கத் தேவையில்லை. பழைய பைல்களும் திறந்தன, தமிழும் ஒழுங்காக வந்தது.

சுகந்தி கேட்டது ஒரே கேள்வி. "என்ட கொப்பியில இரிக்கிற மாதிரியே வருமா?"

அந்தக் கொப்பியில் நூற்று முப்பது வீடுகளின் பெயர்கள் இருந்தன. அவள் ஒரு வாரம் யோசித்து எழுதிய வரிசை. துஷி அப்படியே தட்டி ஏற்றினாள். மகாநாடு இனிதே முடிந்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

அடுத்த நாள் வீட்டில் யாரும் இல்லை. புதுச் சாமானைப் பரீட்சித்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். மேலே ஒரு பொத்தான். அமர்த்தினால் பெயர்களெல்லாம் அகரவரிசையில் வந்து நிற்குமாம். அமர்த்தினேன். ஆகா... அமிர்தலிங்கம், அருளம்மா, ஆறுமுகம், இளையதம்பி! தாறுமாறாகக் கிடந்த கூட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றது. பெருமை தாங்கவில்லை. சேமித்தேன். நாலு பக்கம் அச்சும் எடுத்துவிட்டேன்.

சுகந்தியின் குடும்பத்தில் ஒரு வழக்கம். பிள்ளையாருக்குக் கார்ட் வைத்த கையோடு முதல் வீட்டுக்கு வட்டாத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வீட்டு ஆம்பிளை கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். மற்ற வீடுகளுக்குக் கார்ட் மட்டும் போதும். அன்று காலை பித்தளை வட்டாவைத் துலக்கி வெற்றிலை அடுக்கித் தந்துவிட்டு, பரீட்சை மேற்பார்வைக்கு அவசரமாக வெளிக்கிட்டாள்.

"முதலாவது வீட்டுக்கு வட்டாவோட போங்க. மத்ததுக்கெல்லாம் லிஸ்ட்டப் பார்த்துப் போங்க."

லிஸ்ட்டைப் பார்த்தேன். முதலாவது வீடு, அமிர்தலிங்கம்.

மோட்டர் திருத்துபவருக்கு வட்டாவா என்று ஒரு கணம் யோசித்தேன்தான். கல்யாணத்துக்குள் மோட்டரைச் சரிபார்க்க வேண்டும், அதற்காக இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அச்சில் வந்த எதையும் சந்தேகிக்க எனக்கு வராது. பத்தி எழுதுபவனின் வியாதி.

அமிர்தலிங்கம் வாசலில் ஏதோ ஒரு மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். வட்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கொஞ்சம் இரிங்க சேர்" என்று உள்ளே போனார். கிறீஸ் போகக் கை கழுவி, சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கினார்.

"எங்கட சொந்தக்காரரே எனக்கு வட்டா வெச்சுச் சொன்னதில்ல சேர்" என்றார். அவருடைய கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்பது என் திட்டம். அகரவரிசைக்கு ஊர் தெரியுமா, தூரம் தெரியுமா? காலையில் ஆரையம்பதி, மத்தியானம் வாழைச்சேனை, பின்னேரம் உன்னிச்சை. மட்டக்களப்பு மாவட்டத்தையே மோட்டார் சைக்கிளில் குறுக்கும் நெடுக்கும் உழுதேன்.

உன்னிச்சையில் நான் போனது இளையதம்பி வீட்டுக்கு. நாங்கள் அரிசி வாங்குகிற மனிதர். அவர் வீட்டுக்கு இரண்டு வளவு முந்தித்தான் சுகந்தியின் அண்ணன் வேலாயுதம் வீடு. குளத்துக்குக் கீழே வயல் வட்டையில் ஐந்து ஏக்கர் செய்கிறவர். எங்கள் மகளின் ஒரே தாய்மாமன். மணவறைக்கு அவளைக் கைபிடித்துக் கூட்டி வர வேண்டியவர்.

வாசலில் கதிரை போட்டு இருந்தார். வெள்ளைச் சேட்டு! வீட்டில் சாரமும் தோளில் துவாயுமாகத் திரிகிற மனிதர், எங்கேயோ பயணம் போகிறார் போல என்று நினைத்தேன். முதல் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்ததே அவர்தான், வீட்டு ஆளுக்கு எதற்குக் கார்ட் என்றும் ஒரு நினைப்பு. ஹோர்ன் அடித்தேன். கையை அசைத்தேன். அவர் எழுந்து நின்றார். நான் போய்விட்டேன்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மூன்றாம் நாள் பின்னேரம் சுகந்தி கேட்டாள்: "அண்ணன் ஏன் ஒரு போனும் எடுக்கல்ல? வட்டாவ வாங்கக்குள்ள என்ன சொன்னவர்?"

"அழுதிட்டார்" என்றேன்.

"அண்ணனா? அழுதாரா?"

"அமிர்தலிங்கம்."

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. பட்டியலை எடுத்துப் பார்த்தாள். வே... கடைசிப் பக்கத்தில் நூற்றுப் பத்தொன்பதாவது. அதன்பிறகு அவள் கத்தவில்லை. பட்டியலைப் பிடித்தபடி கதிரையில் இருந்துவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொழும்பில் வேலை செய்யும் மூத்தவள் செய்தி கேட்டுப் போனில் ஒரே ஒரு வசனம் சொன்னாள்: "மாமா வராட்டி நான் மணவறைக்கு வரமாட்டன்."

"அந்த இலவச சனியனைத் தூக்கு, பழையபடி களவுப் பிரதியையே போடுவம்" என்று கத்தினேன். துஷி அமைதியாகச் சொன்னாள்: "அதிலயும் இந்தப் பொத்தான் இரிக்கு அப்பா."

மறுநாள் சுகந்தி அரைநாள் லீவு போட்டாள். வட்டாவோடு உன்னிச்சைக்குப் போனோம். மச்சான் வாசலில் இருந்தார். அதே வெள்ளைச் சேட்டு. வாங்க என்றார், கதிரை போட்டார், தேத்தண்ணி வந்தது. வட்டாவை மட்டும் தொடவில்லை.

"மச்சான், இது எத்தினையாவது வீடு?"

"கம்ப்யூட்டர் செஞ்ச பிழை மச்சான்..." என்று தொடங்கினேன்.

"கம்ப்யூட்டரா ஹோர்ன் அடிச்சது?"

பட்டியலை நீட்டினேன். கண்ணாடி போட்டு நாலு பக்கத்தையும் வாசித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"இந்த அமிர்தலிங்கம் ஆரு?"

"தண்ணி மோட்டர் திருத்துறவர்."

பட்டியலை மடித்து வைத்தார். சுகந்தியைப் பார்த்துத்தான் பேசினார். "கார்ட் வந்திட்டு எண்டு கேள்விப்பட்டதில இருந்து, பின்னேரம் ஆனாக் குளிச்சுப்போட்டு இந்தச் சேட்டப் போட்டுக்கொண்டு இருக்கன் புள்ள. தங்கச்சி வீட்டு வட்டா வரக்குள்ள வெறும் மேலோட இருக்கேலாதே. நாலு நாளாப் போடுறன். பொழுதுபடக் கழட்டி மடிச்சு வைக்கன்."

சுகந்தி அழுதாள். அவர் கோபித்துக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனபோது அவர் எதற்காக எழுந்து நின்றார் என்பது அப்போதுதான் விளங்கியது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சிருங்க மச்சான். கம்ப்யூட்டர் இல்ல, நான்தான்."

பிறகு இரண்டு கையாலும் வட்டாவை எடுத்துக்கொண்டார்.

"வாறன். ஆனா இனி அந்தப் பட்டியல நான்தான் ஒழுங்காக்குவன்."

சனிக்கிழமை வந்தே விட்டார். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து, நூற்று முப்பது வீட்டுக்கும் கல்யாணச் சபையில் இருத்த வரிசை எண் சொல்லச் சொல்ல, துஷி ஒரு நிரலில் தட்டினாள். பக்கத்தில் இன்னொரு நிரல் போடச் சொன்னார்: யார் யாரோடு பேசுவதில்லை. பந்தியில் யாரை எங்கே இருத்துவது என்பதற்கு. காசு கட்டுகிற மென்பொருளிலும் இந்த வசதி கிடையாது!

"அமிர்தலிங்கத்த எங்க போட மாமா? நூறுக்குப் பிறகா?" என்று துஷி கேட்டாள்.

மச்சான் நிமிர்ந்தார். "வட்டா வாங்கின மனிசனக் கீழ இறக்கேலா புள்ள. எனக்குப் பக்கத்தில ரெண்டாவதாப் போடு."

முதல் வரிசைக் கதிரையின் கதை இதுதான். மாமன் அதே வெள்ளைச் சேட்டோடு மகளை மணவறைக்குக் கூட்டி வந்தார். திரும்பி வந்து அமிர்தலிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் தண்ணி மோட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் மோட்டர் நின்றது. போன் எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் அமிர்தலிங்கம் வந்தார். பாதி நாள் மினக்கெட்டுத் திருத்தினார். எவ்வளவு என்று கேட்டேன்.

"என்ன மச்சான் கேக்கிறீங்க? சொந்தத்துக்குள்ள காசா?"

சேர் போய் மச்சான் வந்துவிட்டது. சும்மா திருத்தித் தந்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஏன் சும்மா என்று நான் கேட்கவில்லை.